அபினி வயலும் அயல்நாட்டு உறவும்

ஒரு நாட்டின் தெருவில் இளைஞன் ஒருவன் போதைக்கு அடிமையாவது உள்நாட்டுச் சிக்கல். இரு நாடுகள் உடன்பாடு செய்துகொள்வது வெளிநாட்டுச் செய்தி. இவ்வாறு பிரித்துக் காண்பது வழக்கம். ஆயினும், இவை ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பதை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனின் ஆட்சி உணர்த்துகிறது.

சட்டமும் ஒழுங்கும் நிலைநாட்டப்படும் என்று உறுதி கூறி, பழமை பேணும் மக்கள் பலரின் ஆதரவுடன் நிக்சன் 1969 ஆம் ஆண்டில் பதவி ஏற்றார். அவ்வாண்டு செப்டம்பரில், கஞ்சாக் கடத்தலைத் தடுக்க மெக்சிகோ எல்லையில் ஊர்திகள் கடுமையாகச் சோதிக்கப்பட்டன. ஊர்திகள் மணிக்கணக்கில் காத்து நின்றன. எல்லைப்புற வாணிகம் நலிந்தது. மெக்சிகோ அரசு மனம் கசந்தது. மூன்று வாரங்களுக்குள் அம்முறை கைவிடப்பட்டது. இரு நாடுகளும் கூடிச் செயலாற்றும் திட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

1971 ஜூன் 17 அன்று, போதைப் பழக்கமே நாட்டின் முதற் பகை என நிக்சன் அறிவித்தார். வியட்நாம் போர்க்களத்தில் இருந்த வீரர் பலர் ஹெராயினுக்கு அடிமையானமை அப்போது பெருங்கவலை அளித்தது. பழக்கத்திற்கு ஆளானோர்க்கு மருத்துவம் அளிக்கும் பணியை ஜெரோம் ஜாஃபி என்னும் மருத்துவரிடம் அவர் ஒப்படைத்தார்.

மற்றொரு புறம், நஞ்சின் ஊற்றுக்கண்ணை அடைக்கவும் அவர் முற்பட்டார். துருக்கியில் விளைந்த அபினி, பிரான்சின் மார்சேல் நகரில் மறைவாக ஹெராயினாக மாற்றப்பட்டு, அமெரிக்காவை அடைந்தது. துருக்கியோ அமெரிக்காவின் நட்பு நாடு. அமெரிக்கா வற்புறுத்தவே, 1972 அறுவடைக்குப் பின் கசகசாச் செடியைப் பயிரிடுவதில்லை எனத் துருக்கி 1971 இல் இசைந்தது. ஈடாக 35 மில்லியன் டாலர் உதவி தர அமெரிக்கா உடன்பட்டது. பிரெஞ்சுக் காவலரும் மறைவிடங்கள் பலவற்றைக் கண்டுபிடித்து மூடினர். அமெரிக்காவின் கிழக்குக்கரை நகரங்களில் ஹெராயின் அரிதாயிற்று.

ஆனால், அனத்தோலியா நாட்டுப்புற உழவனுக்கு அச்செடி வெறும் நஞ்சன்று. அதன் விதை உணவாயிற்று. விதையின் நெய் சமையலுக்கு உதவிற்று. பிண்ணாக்கு மாடுகளுக்குத் தீனியாயிற்று. பிறநாட்டார் நோய்க்காகத் தம் பிழைப்பை இழப்பதா என உழவர் மனம் புழுங்கினர். 1974 இல் புதிய பிரதமர் எசெவித் தடையை நீக்கினார். எனினும், காயைக் கீறிப் பால் எடுப்பது விலக்கப்பட்டது. கீறாத காய்களை அரசே வாங்கி, அவற்றிலிருந்து மருந்துப் பொருள் எடுக்கும் முறை வந்தது. இதனால் உழவன் வாழ்ந்தான். கள்ளச்சந்தைக்கு அபினி செல்லும் வழியும் பெரிதும் அடைபட்டது.

துருக்கி வழி அடைபட்டபோது, அமெரிக்காவில் மெக்சிகோ ஹெராயின் பெருகியது. வேண்டுவோர் உள்ளவரை விற்போர் வேறு வழி தேடுவர். ஆதலின் எல்லைக் காவல் மட்டும் போதாது. பழக்கத்திற்கு ஆட்பட்டவனுக்கு மருத்துவமும், பயிரிடுவோனுக்கு மாற்று வாழ்வும் வேண்டும். தன் மக்களின் நோயைத் தீர்க்க முயலும் நாடு, பிற நாட்டு உழவனின் பசியையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.