யார் சோறு தந்தது?

உடுப்பிட்டியில் நான் தமிழ் படிப்பிக்கும் வகுப்பில், ‘அடைக்கலம்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டேன். ஒரு மாணவன் எழும்பி, “சேர், நீங்களும் புத்தளத்தில அகதியா இருந்தனீங்களாமே, ஆர் உங்களுக்குச் சோறு தந்தது?” என்றான். ஏன் போனோம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் வெளியேற்றம் தொடங்கியது. 30ஆந் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000இற்கும் மேற்பட்டோர் வெளியேறினர். மன்னார்த் தீவார் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தார் வவுனியாவுக்கு நடந்தார்கள். பெரும்பாலோர் ஒதுங்கியது புத்தளத்தில்.

பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்தன. தென்னங்காணிகளில் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. ஊரார் வீட்டுக்கு வீடு சோறு சேர்த்தார்கள். “எங்களுக்குத் தந்திட்டுத்தான் அந்தச் சனம் சாப்பிட்டது” என்று உம்மா அடிக்கடி சொல்லுவா.

முஹாஜிர், அன்ஸார் வரலாற்றை நாம் ஜும்ஆக்களில் கேட்டு வளர்ந்தவர்கள். ஸஃது இப்னு ரபீஃ (ரழி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) சந்தைக்கு வழி கேட்டார். நாம் முதற்பாதியை மெச்சிவிட்டு மற்றப் பாதியை மறந்துவிடுகிறோம். அகதிக்கு முதலில் வேண்டியது சோறு. அடுத்தது தன் காலில் நிற்க ஒரு வழி.

புத்தளமும் வசதியான மாவட்டமல்ல. அதே கிணறு, அதே கூலிவேலை, அதே பாடசாலை வாங்கு. சில நாளுக்கென்று வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியபோது, ‘அகதி’ என்ற சொல் சில வாய்களில் ஏச்சானது. இதற்கு ஊரை மட்டும் குறை சொல்ல முடியாது. கொட்டில்களுக்குப் பதிலாக நிரந்தர வீடு கட்டும் உலக வங்கி உதவித் திட்டம் 2007இல்தான் தொடங்கியது. விருந்தோம்பலை ஊர் தொடங்கலாம். அதை உரிமையாக்க வேண்டியது அரசு.

இத்தாலியில் நொனந்தோலா என்றொரு சிற்றூர். 1942இலிருந்து அங்கே யூத அகதிப் பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். 1943 செப்ரெம்பரில் ஜேர்மன் படை நாட்டைப் பிடித்ததும், பாதிரியார் அரிகோ பெக்காரியும் வைத்தியர் ஜூசெப்பே மொரேயாலியும் அவர்களைக் குருமடத்திலும் ஊரார் வீடுகளிலும் ஒளித்து வைத்தனர். பிறகு சுவிற்சர்லாந்துக்குத் தப்ப வழி செய்தனர். தப்பியவர்கள் பேசினார்கள், அதனால் அந்த இருவரின் பெயரும் ஜெருசலேமின் யாத் வாஷெம் பதிவேட்டில் இருக்கிறது.

எங்களுக்குக் காணி விட்டவர், கிணறு திறந்தவர், பேறுகாலம் பார்த்த மூதாட்டி: இவர்கள் எந்தப் பதிவேட்டில்? வடக்கில் எங்களுக்காகக் கண்ணீர் விட்ட தமிழ் அயலவர்கள் எந்தப் பக்கத்தில்? இழந்ததைக் கணக்கெடுத்தோம், அது வேண்டும், இன்னும் வேண்டும். பெற்றதையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். அன்று தந்தவர்களில் பலர் மவுத்தாகிவிட்டார்கள்.

என் மாணவனுக்கு நான் மூன்று பெயர்கள் சொன்னேன். நாலாவது ஞாபகம் வரவில்லை. கேட்க உம்மாவும் இல்லை.