குட்டியின் குணம்: வம்சமும் வளர்ப்பும்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம் நாட்டுப் பழமொழி. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பதும் நம்மிடையே வழங்கும் பழமொழியே. குணம் பிறப்பில் வருகிறது என்கிறது முன்னது. வளர்ப்பில் அமைகிறது என்கிறது பின்னது. நாய், மாடு, ஆடு, கோழி ஆகிய வளர்ப்புப் பிராணிகளைப் பொறுத்த வரையில் இவ்விரண்டும் எந்த அளவுக்கு உண்மை என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட முடிவுகள், ஆட்டுப்பட்டி வைத்திருக்கும் விவசாயிக்கும் ஊர் நாய்களுக்குப் பொறுப்பேற்கும் பஞ்சாயத்துக்கும் ஒருங்கே பயன்படத்தக்கவை.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதை தொடங்குமிடமாகிய அடிவாரத்தையும், அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் விளைநிலங்கள், மறுபுறம் சேர்வராயன் மலைக்காடு. சேலம் மாவட்டத்தின் பெயர் பெற்ற ஆட்டினங்களான சேலம் கருப்பு வெள்ளாடும் மேச்சேரிச் செம்மறியும் சிறு விவசாயிக்குச் சேமிப்புப் பணம் போன்றவை. பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுக் கலியாணத்துக்கும் கைகொடுப்பவை அவையே. இரவில் பட்டிக்குக் காவல் நாய் வேண்டும். ஆனால், காக்க வேண்டிய நாயே ஆட்டைத் துரத்திக் கடிக்குமாயின் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் போய்விடும். ஆதலின், எந்த நாயை வளர்ப்பது, எந்தக் கிடாயை இனவிருத்திக்கு நிறுத்துவது என்பது சிறிய கேள்வியன்று.

மரபணு என்பது யாது?

பிராணிகளின் உடல் கோடிக்கணக்கான நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. அவற்றினுள்ளே குரோமோசோம் எனப்படும் இழைகள் ஜோடி ஜோடியாக அமைந்துள்ளன. நாய்க்கு 39 ஜோடி. மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் 30 ஜோடி. செம்மறிக்கு 27 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தை வழி வந்தது. மற்றொன்று தாய் வழி வந்தது. உடலுக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் முறை இவ்விழைகளில் எழுதி வைத்தாற்போல் அமைந்திருக்கிறது. அக்குறிப்புகளே மரபணுக்கள்.

கோபத்துக்கு ஒரு மரபணு, சாந்தத்துக்கு ஒரு மரபணு என்று தனித்தனியே இல்லை. மூளை, நரம்பு, சுரப்பிகள் ஆகியவற்றின் அமைப்பைப் பல மரபணுக்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் சிறிது சிறிதாக, மாற்றுகின்றன. அதனால் ஒரு கன்று சிறு சத்தத்துக்கும் மிரளுகிறது. மற்றொன்று நிதானமாக நிற்கிறது.

நம் வீட்டுக் கோழியே இதற்குச் சான்று. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு அமர்ந்துவிடுகிறது. வெள்ளை லெகார்ன் கோழியோ பெரும்பாலும் அடைகாப்பதேயில்லை. அடைகாக்கும் உணர்ச்சியைத் தூண்டுவது புரோலாக்டின் என்னும் சுரப்புநீர். அடைக்கு அமராமல் தொடர்ந்து முட்டையிடும் கோழிகளையே பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியதால், லெகார்ன் இனத்தில் அவ்வுணர்ச்சி மங்கிவிட்டது. எவரும் அதற்குப் பயிற்சி கொடுத்து மாற்றவில்லை. தெரிந்தெடுத்ததன் பயனே அது.

நாய்களிலும் இவ்வாறே. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இனங்கள் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்டவை. ஓடும் பொருளைக் கண்டால் துரத்துவது அவற்றின் வம்சப் பழக்கம். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பெயர் பெற்றவை. நாயின் மூதாதை ஓநாய். அது இரையை உற்று நோக்கும், பதுங்கும், துரத்தும், கடிக்கும். அயல்நாடுகளில் மந்தையை மடக்கி ஓட்டும் நாய்களிடம் நோக்குதலும் பதுங்குதலும் துரத்துதலும் நிலைத்திருக்கின்றன; கடித்தல் அடங்கியிருக்கிறது. மந்தைக்குக் காவல் இருக்கும் நாய் இனங்களிலோ துரத்தும் உணர்ச்சியே குறைவு. ஆகவே, வேட்டை நாய்க்குட்டியைப் பட்டிக் காவலுக்கு வாங்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகவும் முடியலாம்.

ஸைபீரியாவில் நடந்த பரிசோதனை

குணம் வம்சாவழியாக வருவதைத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை ஒன்று ருஷ்ய நாட்டில் நடைபெற்றது. 1959-ஆம் ஆண்டில் திமித்ரி பெல்யாயெவ் என்ற விஞ்ஞானி, ஸைபீரியாவில் உரோமத்துக்காக வளர்க்கப்பட்ட வெள்ளி நரிகளில், மனிதரைக் கண்டு மிகக் குறைவாக அஞ்சியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்யத் தொடங்கினார். அவற்றுக்குப் பயிற்சி எதுவும் அளிக்கப்படவில்லை. சில தலைமுறைகளுக்குள்ளாகவே நாய்போல் வாலாட்டி மனிதரை நாடி வரும் குட்டிகள் பிறந்தன. பின்னர், மூர்க்கமான நரிகளும் ஒரு தனி வம்சமாகப் பெருக்கப்பட்டன. மூர்க்க நரிகளின் கருவைச் சாது நரியின் வயிற்றில் வைத்து வளர்த்த போதும், பிறந்த குட்டிகள் மூர்க்கமாகவே இருந்தன. வளர்த்த தாயின் குணம் பெற்ற தாயின் குணத்தை அழிக்கவில்லை.

வம்சம் மட்டும் போதாது

ஆயினும், இனத்தின் பெயரை மட்டும் நம்புவது தவறு. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில் 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தை குறித்த விவரங்கள் அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறியப்பட்டன. நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்குதான் இனத்தைப் பொறுத்தது என்று தெரிய வந்தது. ஒரே இனத்துக்குள் சாதுவும் உண்டு, முரடும் உண்டு.

வளர்ப்பின் பங்கும் பெரிது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நாய்க்குட்டியின் மனம் பதமாக இருக்கும். அப்பருவத்தில் யாருடன் பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாகக் கொள்ளும். பதினான்கு வாரம் வரை மனித வாசனையே இன்றி வளர்க்கப்பட்ட குட்டிகள் பின்னர் மனிதரை அணுகவே அஞ்சின என்பது 1961-இல் வெளியான ஆராய்ச்சியின் முடிவு.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. நாய்க்குட்டி வாங்குமுன் அதன் தாயை நேரில் பாருங்கள். இயன்றால் தந்தையையும் பாருங்கள். தாய் ஆடுகளிடையே எவ்வாறு நடந்துகொள்கிறது என்பது குட்டியின் விலையைவிட முக்கியம்.

2. எட்டு வார அளவில் குட்டியைக் கொண்டுவந்து ஆட்டுப்பட்டியை ஒட்டியே வளர்த்து வாருங்கள். விளையாட்டாக ஆட்டைத் துரத்தினாலும் அப்பொழுதே தடுத்துவிட வேண்டும். விளையாட்டே பின்னர் வேட்டையாகும்.

3. எடையும் நிறமும் பார்த்துக் கிடாயையும் காளையையும் தெரிந்தெடுக்கும்போது குணத்தையும் பாருங்கள். காரணமின்றி மனிதரை முட்டுவதை இனவிருத்திக்கு நிறுத்த வேண்டாம். கன்றை அண்டவிடாத பசுவின் கிடேரியை வைத்துக்கொள்ளுமுன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

4. பட்டியில் பிறந்த கிடாயை அதன் தாயுடனோ உடன்பிறப்புகளுடனோ சேரவிடாதீர்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடாயை மாற்றிக்கொள்வது நலம்.

பஞ்சாயத்தின் கடமை

தெரு நாய்களும் மரபணு விதிக்கு உட்பட்டவையே. 2023-ஆம் ஆண்டு நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி அவற்றுக்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் அளிப்பது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும். இதில் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. கூப்பிட்டவுடன் வரும் சாது நாய்களைப் பிடிப்பது எளிது. காட்டோரம் பதுங்கும் வெருட்சி நாய்களைப் பிடிப்பது கடினம். எளிதானவற்றுக்கு மட்டும் அறுவை செய்து நிறுத்திவிட்டால், அடுத்த தலைமுறைக் குட்டிகளில் பெரும்பாலானவை பிடிபடாத நாய்களின் வம்சமாகவே இருக்கும். ஸைபீரியாவில் நரிகளைச் சாதுவாக்கிய அதே விதி, இங்கே நம்மை அறியாமல் எதிர்த்திசையில் வேலை செய்யும். ஆகையால், அறுவை முகாம் நடத்தும்போது காட்டோர நாய்களையும் விடாமல் பிடித்து முடிப்பதே பயன் தரும்.

இறைச்சிக் கழிவைச் சாலையோரம் கொட்டுவதையும் தடுக்க வேண்டும். கழிவு குவியுமிடத்தில் நாய்கள் கூட்டம் சேருகின்றன. கூட்டம் சேர்ந்த நாய்களே பட்டிக்குள் துணிந்து நுழைகின்றன. ஊரிலுள்ள நாய்களின் எண்ணிக்கை, அறுவை செய்யப்பட்டவை, செய்யப்படாதவை, கடிபட்ட ஆடுகள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, வருகிற கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். கால்நடை மருத்துவரையும் அக்கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த வம்சம் நம் ஊரில் பெருக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்காவிடில், அது தானாகவே தீர்மானமாகிவிடும்.