உண்மைக் கொலைகள் நாடகமாகும்போது

மண்பாண்டங்களுக்கும் பீங்கான் பொருள்களுக்கும் பெயர் பெற்ற ஊர், ஜொகூர் மாநிலத்திலுள்ள ஆயர் ஈத்தாம். அங்கே ஓர் இரவில் ஒரு குடும்பம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் நடந்த தொடர்கொலைகளைத் தழுவிய நாடகம் ஓடிக்கொண்டிருக்கிறது. "நடிப்பு அபாரம்!" என்கிறான் அண்ணன். தங்கை எழுந்துபோய் வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறாள். "இதையெல்லாம் ஏன்தான் காட்டுறாங்களோ!" என்று அம்மா முகம் சுளிக்கிறார். பாட்டியோ, "செத்துப்போன பிள்ளைங்க பேரு என்னய்யா?" என்று பேரனிடம் கேட்கிறார். கொலைகாரனின் பெயரை உடனே சொல்லும் அவனுக்கு, இறந்தவர்களுள் ஒருவரின் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

வியப்பு, அச்சம், வெறுப்பு, இரக்கம் ஆகிய இந்நான்கு உணர்வுகளும் இத்தகைய நாடகங்களைப் பார்ப்போரிடம் பொதுவாகக் காணப்படுபவை. ஒரே நாடகம் ஏன் இத்தனை விதமான உணர்வுகளை எழுப்புகிறது?

முதலாவது காரணம், மனிதனின் ஆர்வம். ஆபத்தைத் தொலைவில் இருந்து அறிந்துகொள்ள மனம் விரும்புகிறது. குற்றவாளி எப்படி அகப்பட்டான் என்பது ஒரு புதிரை விடுவிப்பதைப் போன்ற நிறைவைத் தருகிறது. இரண்டாவது காரணம், தற்காப்பு உணர்வு. உண்மைக் குற்றங்களைக் கூறும் நூல்களை ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக விரும்புகின்றனர் என்று அமெரிக்க உளவியல் ஆய்வு ஒன்று 2010இல் எடுத்துக்காட்டியது. ஒருவர் ஆபத்திலிருந்து தப்பிய வழி நூலில் இடம்பெற்றிருந்தால் பெண்களின் ஆர்வம் மேலும் கூடியது. ஆகவே, இவற்றைப் பார்ப்பவர்கள் அனைவரும் வன்முறையை விரும்புகிறவர்கள் என்று கூறிவிட முடியாது.

எனினும், கற்பனைக் கொலைக்கும் உண்மைக் கொலைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கற்பனைக் கதையில் இறந்தவருக்குத் தாயோ தங்கையோ இல்லை. உண்மைக் கதையில் அவர்கள் இன்றும் உயிரோடு இருக்கலாம். அதே நாடகத்தைத் தம் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே காணவும் நேரலாம்.

அமெரிக்காவில் 1978 முதல் 1991 வரை பதினேழு பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமரின் கதை, 2022 செப்டம்பரில் நெட்பிளிக்ஸ் தளத்தில் தொடராக வெளிவந்தது. அறுபது நாள்களுக்குள் உலகெங்கும் நூறு கோடி மணி நேரத்திற்கும் மேலாக அது பார்க்கப்பட்டது என்று அந்நிறுவனம் அறிவித்தது. இதே வேளையில், கொல்லப்பட்ட ஒருவரின் சகோதரி தம் வேதனையைப் பொதுவெளியில் தெரிவித்தார். 1992இல் நீதிமன்றத்தில் அவர் கதறிப் பேசிய காட்சியை ஒரு நடிகை அப்படியே நடித்திருந்தார். அதற்கு முன்பு தம்மிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே அவரது குறை. அவ்வாண்டு ஹாலோவீன் பண்டிகையின்போது சிலர் அக்கொலைகாரனைப் போல் வேடமணிய முற்பட்டனர். அத்தகைய வேட உடைகளின் விற்பனையை ஈபே இணைய வணிகத்தளம் தடுத்தது. மக்களின் ஆர்வம் எல்லை மீறினால், கொலைகாரன் கதாநாயகனாகிவிடுகிறான் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நாடகம் நீதி விசாரணையையும் பாதிக்கக்கூடும். கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டத்தின் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரு குடும்பத்தையும் அதன் உறவினரையும் சேர்ந்த ஆறு பேர் இறந்தனர். அவை கொலைகள் என்று கூறி, 2019 அக்டோபரில் காவல்துறையினர் அக்குடும்பத்தின் மருமகளைக் கைது செய்தனர். சில மாதங்களிலேயே, 2020 சனவரியில், அச்சம்பவம் ஒரு மலையாளத் தொலைக்காட்சியில் தொடர்நாடகமாக ஒளியேறத் தொடங்கியது. வழக்கின் விசாரணையை நாடகம் பாதிக்கும் என்று முறையிடப்பட்டதும், கேரள உயர் நீதிமன்றம் அதற்குத் தற்காலிகத் தடை விதித்தது. நீதிமன்றம் தீர்ப்பு வழங்கும் முன்பே திரை தீர்ப்பு வழங்கிவிட்டால், சாட்சிகளின் மனமும் மக்களின் மனமும் ஒருபுறம் சாய்ந்துவிடும் அல்லவா?

அப்படியானால், உண்மைக் குற்றங்களைப் பற்றிப் பேசவே கூடாதா? இக்கேள்விக்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று விடை தருகிறது. சென்னையில் ஆறு பேரைக் கொன்ற குற்றத்திற்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையிலிருந்தவாறு தன் வரலாற்றை எழுதினான். அதனை வெளியிட நக்கீரன் இதழ் முன்வந்தபோது சிறைத்துறை எதிர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்தது. நீதிமன்றப் பதிவுகள் போன்ற பொது ஆவணங்களில் உள்ளவற்றை எவரும் வெளியிடலாம். அதற்கு அப்பால் ஒருவரின் குடும்ப வாழ்வை அவரது ஒப்புதலின்றி எழுதுவது அவரது தனியுரிமையைப் பறிப்பதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பாலியல் வன்முறை போன்ற குற்றங்களுக்கு ஆளானவர்களின் பெயர்களை வெளியிடக்கூடாது என்றும் அது வலியுறுத்தியது. பேசும் உரிமையும் பிறர் மானத்தைக் காக்கும் கடமையும் இத்தீர்ப்பில் ஒருங்கே இடம்பெற்றன. பிற்காலத்தில், 2019இல், ஆட்டோ சங்கரின் கதை இணையத்தொடராகவும் வெளிவந்தது.

நம் நாட்டிலும் இத்தகைய சிக்கல் எழுந்ததுண்டு. 1993இல் பகாங் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் மோனா ஃபெண்டி உள்ளிட்ட மூவர் 2001இல் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்கை நினைவூட்டும் 'டுக்குன்' என்னும் மலாய்த் திரைப்படம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்து, 2018 ஏப்ரலில்தான் திரையரங்குகளுக்கு வந்தது.

சட்டமும் தணிக்கையும் ஓரளவே காக்கும். எஞ்சிய பொறுப்பு பார்வையாளரிடம் உள்ளது. இத்தகைய நாடகத்தைப் பார்ப்பவர் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இதில் எது உண்மை, எது கற்பனை? வழக்கு முடிந்துவிட்டதா? பாதிக்கப்பட்ட குடும்பத்தாரின் ஒப்புதல் பெறப்பட்டதா? கொலைகாரனின் திறமை போற்றப்படுகிறதா, இறந்தவரின் வாழ்க்கை மதிக்கப்படுகிறதா? இவற்றுக்கு விடை தேடுபவர், கொடூரக் காட்சிகளை வெட்டிப் புலனத்தில் பகிரும் முன் ஒருமுறை தயங்குவார்.

ஆயர் ஈத்தாம் போன்ற சிற்றூரில் ஒரு வீட்டின் துக்கம் ஊர் முழுவதும் தெரியும். அங்கே துக்க வீட்டைக் கடக்கும்போது மக்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தொலைவில் நடந்த மரணத்திற்கும் அதே மரியாதை உண்டு. அண்ணன் இப்போது தன் கைப்பேசியை எடுத்து, பாட்டி கேட்ட பெயர்களைத் தேடுகிறான். ஒவ்வொன்றாக அவன் வாசிக்க வாசிக்க, பாட்டி தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறார்.