இரவு மூன்று மணிக்கு சர்வர் விழுந்தால்

நியூயார்க்கில் கோடைக்கால நண்பகல் பன்னிரண்டு மணி, காரைக்காலில் இரவு ஒன்பதரை. அங்கே ஒரு கடைக்காரர் தன் இணையதளம் திறக்கவில்லை என்று டிக்கெட் போடும் நேரத்தில், இங்கே ஒரு பிள்ளை இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பிறருடைய இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்துக் காப்பாற்றும் வெப் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு இரவும் இல்லை, ஞாயிறும் இல்லை, மாங்கனித் திருவிழாவும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் மனிதருக்கு இவை எல்லாம் உண்டு. சட்டம் கொடுத்தே உண்டு. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமலேயே நம் பிள்ளைகள் இந்த வேலையில் சேர்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது. நெடுங்காட்டில் பெருந்தலைவர் காமராசர் பெயரில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அறிஞர் அண்ணா கலைக் கல்லூரியும் அவ்வையார் மகளிர் கல்லூரியும் ஆண்டுதோறும் கணினி படித்தவர்களை வெளியே அனுப்புகின்றன. பெரும்பாலோர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலுக்குத் தேவை நல்ல இணைய இணைப்பும் தடையில்லா மின்சாரமும்தான். மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்து, சிற்றூரிலிருந்தும் உலகத்துக்கு மென்பொருள் விற்கலாம் என்று காட்டியது. காரைக்காலின் ஒரு மாடி அறையிலிருந்தோ வீட்டுத் திண்ணையிலிருந்தோ வெளிநாட்டு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அப்படித்தான் சாத்தியமாகிறது.

வளர்கிற நிறுவனத்தில்தான் ஆபத்து அதிகம். ஆறு பேராக இருந்தபோது எல்லாம் வாய்ப்பேச்சில் நடந்திருக்கும். முதலாளி பக்கத்து மேசையில் இருப்பார், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவார், "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஆள் எண்ணிக்கை 10-ஐத் தொட்டதும் இ.எஸ்.ஐ. காப்பீடும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் கட்டாயமாகின்றன. 20-ஐத் தொட்டால் பி.எஃப். சேர்ந்துகொள்கிறது. வாடிக்கையாளர் எண்ணிக்கையை நாள்தோறும் எண்ணும் நிறுவனம் இந்த எண்ணிக்கையைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. வேலைக்குப் போகிறவர் எண்ண வேண்டும்.

முதலில், எந்த ஊர்ச் சட்டம்? புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலுக்கு இந்தக் கேள்வி தனியாக உண்டு. வடக்கே பூவத்தைத் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அலுவலகம் காரைக்காலில் என்றால் புதுச்சேரியின் 1964-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் வீடு நாகூரில் இருக்கிறதா நிரவியில் இருக்கிறதா என்பது இதை முடிவு செய்வதில்லை. வேலை செய்யும் இடம்தான் முடிவு செய்கிறது. வீட்டிலிருந்தே வேலை என்றால் நீங்கள் எந்த அலுவலகத்தின் ஊழியர் என்பதைப் பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தில் "வழக்குகள் பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தனியார் வேலை ஒப்பந்தத்தில் இப்படி ஓர் ஊரை மட்டும் குறிப்பது செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் வழக்கு போட வேண்டி வந்தால் அந்த ஒரு வரிக்காக நீங்கள் அங்கே போக வேண்டியிருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின்படி நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள். அதற்கு மேல் வேலை வாங்க ஊழியரின் சம்மதம் வேண்டும், இரட்டைச் சம்பளமும் வேண்டும். ஹோஸ்டிங் வேலையில் தகராறு வருவது "ஆன்-கால்" என்ற பெயரில். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். இரவு மூன்று மணிக்கு அழைப்பு வந்து, லேப்டாப்பைத் திறந்து, சர்வரை எழுப்பிவிட்டுப் படுக்க ஐந்து மணி ஆனால், அந்த இரண்டு மணி நேரமும் வேலை நேரம்தான். காத்திருக்கும் இரவுக்கு என்ன படி, மறுநாள் எத்தனை மணிக்கு வரலாம் என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இரவு ஷிஃப்ட் வேலையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளது" என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் அதை மறுபடி உறுதி செய்தது. தூக்கத்தைக் கேட்பது சொகுசு கேட்பதாகாது.

"நீ டெக்னிகல் லீட், உனக்கு ஓவர்டைம் கிடையாது" என்ற பதில் வரும். இங்கே சென்னையில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2015-இல் டி.சி.எஸ். ஆட்குறைப்பில் வேலை போன ஒரு பொறியாளர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், தொழிலாளி ஆக மாட்டார் என்று நிறுவனம் வாதாடியது. நீதிமன்றம் பதவிப் பெயரை விட்டுவிட்டு அவர் நாள்தோறும் செய்த வேலையைப் பார்த்தது. அது தொழில்நுட்ப வேலை என்று கண்டது. ஏழு ஆண்டு கழித்து, 2022-இல், அவரைத் திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டது. ஏழு ஆண்டு நீண்ட காலம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டாலும், யாருக்கும் விடுப்பு தரவோ யாரையும் நீக்கவோ அதிகாரம் இல்லாமல் டிக்கெட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பவர் சட்டத்தின் முன் தொழிலாளி என்று வாதாட அந்தத் தீர்ப்பு துணை நிற்கும். கூடுதல் நேரத்துக்குச் சாட்சி தேடி அலையவும் வேண்டாம். ஒவ்வொரு டிக்கெட்டிலும் பதில் போன மணி, நிமிடம் பதிவாகிறது. சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டிருக்கிறது. அந்த நாள்களுக்குள் பதிவுகளைக் கேளுங்கள்.

இந்தத் தொழிலின் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு தவறான கட்டளை ஆயிரம் பேருடைய இணையதளத்தை அழித்துவிடும். 2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் அது நடந்தது. நெடுநேரம் வேலை பார்த்துக் களைத்திருந்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவில் நாலரை ஜிபி மிஞ்சியது. பேக்கப் எடுக்க இருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தற்செயலாக எடுத்து வைத்த ஆறு மணி நேரப் பழைய நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. நிறுவனம் அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. பேக்கப்பைச் சோதிக்காமல் விட்டது நிறுவனத்தின் குற்றம் என்று எழுதி வெளியிட்டது. நல்ல பணியிடப் பண்பாடு எது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

நம் ஊரில் அதே தவறு நடந்தால் "போலீசுக்குப் போவோம்", "நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிப்போம்" என்ற பேச்சு வரும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் குற்றம் ஆவதற்கு நேர்மையற்ற எண்ணமோ மோசடி எண்ணமோ வேண்டும். அனுமதியோடு உள்ளே போனவர் கைதவறிச் செய்த பிழை அதில் வராது. கவனக்குறைவால் வந்த இழப்புக்குச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக் கூடாது, இழப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மறுபக்கமும் உண்டு. வாடிக்கையாளரின் தரவை வேண்டுமென்றே வெளியே கொடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. அதனால் சந்தேகம் வந்த நொடியே மேலே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். சர்வரின் முழு அதிகாரமும் தரும் ரூட் பாஸ்வேர்டை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இருந்தால் மறுத்து, தனிக் கணக்கு கேளுங்கள். இரவு உள்ளே போனது யார் என்ற கேள்வி எழும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அதுதான்.

பெண்களை இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் வேலைக்கு வைக்க அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். கோட்டுச்சேரிக்கோ திருமலைராயன்பட்டினத்துக்கோ விடிகாலை நாலு மணிக்கு எப்படிப் போவது என்பது நிறுவனம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அலுவலகச் சாட்டில் வரும் அசிங்கமான செய்தியும் பணியிடத் துன்புறுத்தல்தான். 10 பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். புகார் கொடுக்க 3 மாதம்; தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள்.

வேலையை விடும்போது அதிகம் அழவைப்பது பாண்டும் சான்றிதழும். பாண்டு என்றாலே செல்லாது என்று நண்பர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் கேட்கும் தொகை நியாயமாக இருக்க வேண்டும். விலகிய பிறகு வேறு ஹோஸ்டிங் நிறுவனத்தில் சேரவே கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் முதலாளிக்கு உரிமை தரவில்லை. சரிபார்த்ததும் கையோடு திருப்பி வாங்குங்கள். விலகினாலும் விலக்கப்பட்டாலும் கணக்கை 2 வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு. சம்பளத்தில் பி.எஃப். பிடித்தும் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றம். அரசின் உமங் செயலியில் பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பாருங்கள்.

சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பாக்கியோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பி.எஃப். புகாருக்கு நேரில் போகலாம் என்றால் புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவே தமிழ்நாடு. ஆகவே அதை ஆன்லைனிலேயே போடுங்கள். வழக்கறிஞருக்குக் காசு இல்லை என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும், 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் போதும்.

நியமனக் கடிதம், பே ஸ்லிப், வங்கிக் கணக்கு, ஷிஃப்ட் பட்டியல், விடுப்புக் கடிதங்கள் ஆகியவற்றின் நகலை உங்களிடம் வைத்திருங்கள். வாடிக்கையாளர் தரவு எதையும் ஆதாரம் என்று வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். அது உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். சம்பளக் கோரிக்கைக்கு 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. இந்த மாதப் பே ஸ்லிப்பை இன்றே கேட்டு வாங்குங்கள்.