சயனைடு மேட்டோரம் ஒரு நீலப் பூ

கோலார் தங்கவயல்காரர்களுக்குச் சயனைடு மேடு என்றால் காற்றடிக்கும்போது கண்ணில் விழும் தூசிதான் நினைவுக்கு வரும். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் அது. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மேடு அப்படியே நிற்கிறது. "அங்க என்னதான் தாத்தா இருக்கு?" என்று பெங்களூரில் வளரும் என் பேத்தி கேட்டாள். அதற்காகவே மழை விட்டதும் காமிராவோடு போனேன்.

மேட்டை அடுத்த செம்மண்ணில் விஷ்ணுகிரந்தி பூத்திருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய பூ. காலையில் விரிந்து நண்பகலில் சுருங்கிவிடும். எட்டு மணிக்கே போய்விட வேண்டும்.

விலை உயர்ந்த மாக்ரோ லென்ஸ் தேவையில்லை. பழைய 50 மி.மீ. லென்ஸை, அதற்கென விற்கும் வளையத்தை மாட்டி, முன்பின்னாகத் திருப்பிப் பொருத்தினால் போதும். பிறகு லென்ஸைத் திருகிப் பயனில்லை. முழங்கையை மண்ணில் ஊன்றி, உடம்பையே முன்னும் பின்னும் அசைத்துத்தான் தெளிவு காண வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக விழும். மகரந்தம் தெளிந்தால் இதழோரம் மங்கும். அதனால் லென்ஸின் துவாரத்தை எஃப் 11-க்குச் சுருக்கினேன். காற்றில் பூ ஆடாதிருக்க என் மனைவி குடை பிடித்தாள். வழியில் போனவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

இருபது படங்களில் இரண்டு தேறின. பேத்தி பார்த்துவிட்டு, "இது உங்க ஊரா?" என்றாள். அடுத்த மழைக்கு அவளும் வருகிறாள்.