'ஷ்ஷ்ஷ்...' வேலை இல்லீங்க இது!

லைப்ரரியன்னதும் டக்குனு என்ன ஞாபகம் வருது? மூக்குக் கண்ணாடி, தேதி சீல், லேட்டானா ஃபைன், கொஞ்சம் சத்தமா சிரிச்சா 'ஷ்ஷ்ஷ்...'! இதைத் தாண்டி அந்த ஸீட்ல என்னதான் வேலைனு நாம யோசிச்சதே இல்லை.

நாம மட்டுமில்லை பாஸ், 'இந்திய நூலக அறிவியலின் தந்தை'னு இன்னிக்குச் சொல்றோமே எஸ்.ஆர்.ரங்கநாதன், அவரே ஆரம்பத்துல அப்படித்தான் நினைச்சார்! 1892-ல் சீர்காழியில் பிறந்த மனுஷன். சென்னை பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியார். சென்னைப் பல்கலைக்கழகத்துல முதல் நூலகர் வேலைக்கு அப்ளை பண்ணினப்ப, லைப்ரரி பத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாது. இன்டர்வியூவுக்குச் சில நாள் முன்னால என்சைக்ளோபீடியாவுல நூலகம் பத்தின கட்டுரையைப் புரட்டினதுதான் மொத்தத் தயாரிப்பு. பரீட்சைக்கு முந்தின நாள் நாம ஜெராக்ஸ் புரட்டுற அதே கேஸ்!

1924 ஜனவரியில் வேலையில சேர்ந்தார். ஒரே வாரம்... தனிமையில போர் அடிச்சு, 'என்னைத் திரும்ப கிளாஸ் ரூமுக்கே அனுப்பிடுங்க'னு கிளம்பி வந்துட்டார். 'லண்டன் போய்ப் படிச்சுட்டு வாங்க. அப்பவும் பிடிக்கலைனா பார்த்துக்கலாம்'னு சமாதானம் பண்ணி அனுப்பி வெச்சாங்க. அங்கேதான் கதை மாறுது.

இங்கிலாந்துல நூத்துக்கும் மேல லைப்ரரிகளைச் சுத்திப் பார்த்தார். லண்டன் கடை ஒண்ணுல மெக்கானோ விளையாட்டு செட் கண்ல பட்டுது. அதே பட்டைகள், அதே நட்டு போல்ட்டு. ஆனா மாத்தி மாத்தி மாட்டினா பாலம் வரும், கிரேன் வரும். 'புத்தகங்களோட சப்ஜெக்ட்டையும் இப்படிக் கழற்றி மாட்டினா என்ன?' அந்தப் பொறிதான் 1933-ல் 'கோலன் கிளாஸிஃபிகேஷன்' ஆச்சு.

புரியலையா? விருத்தாசலத்துக்கே வருவோம். பீங்கானுக்குப் பேர் போன ஊர். செராமிக் டிப்ளமோ பையன் ஒருத்தன் மின்கம்பத்துல மாட்டுற இன்சுலேட்டர் பத்தி ப்ராஜெக்ட் பண்றான்னு வெச்சுக்குங்க. பெரும்பாலான லைப்ரரிகள்ல இருக்கிற ட்யூயி முறையில செராமிக் தொழில்நுட்பம் 666-ல். பானை, பொம்மைனு கலை சம்பந்தப்பட்டதெல்லாம் 738-ல். மின்சாரம்னா 621.3 அலமாரிக்கு ஓடணும். ஒரே களிமண், மூணு மூலை! ரங்கநாதன் முறையில இதையே உடைச்சு யோசிக்கலாம். எந்தப் பொருள்? இன்சுலேட்டர். எதனால ஆனது? களிமண். என்ன செய்றாங்க? சூளையில சுடுறாங்க. எங்கே? விருத்தாசலத்துல. எப்போ? இந்த வருஷம். இந்த அஞ்சு கேள்விக்கும் பதில் கிடைச்சா புத்தகத்துக்கு ஒரு அட்ரஸ் ரெடி.

(அஞ்சுனதும் ஊர்க்காரங்களுக்குச் சிரிப்பு வரும். இங்கே பழமலைநாதர் கோயில்ல கோபுரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு, தேரும் அஞ்சு. ரங்கநாதன் 1931-ல் எழுதின நூலக விதிகளும் அஞ்சேதான்!)

அந்த அஞ்சுல எனக்குப் பிடிச்சது நாலாவது: படிக்க வர்றவங்க நேரத்தை வீணடிக்கக் கூடாதுங்கிறது. செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு ரெண்டே வாரம் இருக்கிறப்ப, அந்தப் பையனை மூணு அலமாரிக்கும் கூட்டிட்டுப் போற ஆள் இருந்தா ப்ராஜெக்ட் முடியும். இல்லைன்னா போன வருஷ சீனியர் ரிப்போர்ட்தான், பேரை மட்டும் மாத்தி!

'அதான் கூகுள் இருக்கே'னு கேக்கறீங்களா? சரி, 'விருத்தாசலம்'னு தேடிப் பாருங்க. ஊரும் விருத்தாசலம்தான், எழுத்தாளர் புதுமைப்பித்தனோட நிஜப் பேரும் சொ.விருத்தாசலம்தான். எது ஊர், எது ஆள்னு கேட்லாக்ல பிரிச்சு வைக்க ஒரு மனுஷன் மெனக்கெடணும். அந்த மனுஷனைக் கவுன்ட்டர்ல உக்கார வெச்சு சீல் மட்டும் குத்தச் சொல்றது, இன்ஜினீயரை ஃபேன் துடைக்கச் சொல்ற மாதிரி. இது என் சொந்தக் கருத்து.

ஆசை வந்துடுச்சா? எந்த டிகிரி முடிச்சாலும் ஒரு வருஷ பி.எல்.ஐ.எஸ்ஸி., அதுக்கப்புறம் எம்.எல்.ஐ.எஸ்ஸி. படிக்கலாம். கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துலயே நூலக அறிவியல் துறை இருக்கு. காலேஜ் லைப்ரரியன் ஆகணும்னா முதுகலையில 55 சதவிகிதமும், நெட் அல்லது செட் தேர்ச்சியும் கேப்பாங்க. யு.ஜி.சி. விதிப்படி பிஹெச்.டி. முடிச்சவங்களுக்கு அந்தத் தேர்வுல இருந்து விலக்கு உண்டு.

வேண்டாம்னு ஓடி வந்த ரங்கநாதன் அந்த ஸீட்ல எத்தனை வருஷம் இருந்தார் தெரியுமா? இருபது வருஷம்! பிற்பாடு, தன் சேமிப்புல இருந்து ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்து, மனைவி சாரதா பேர்ல நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒண்ணை உருவாக்க வெச்சார். அவரை நினைச்சுத்தான் ஆகஸ்ட் 12-ஐ தேசிய நூலகர் தினமாக் கொண்டாடுறாங்க. அன்னிக்காவது அந்தப் பழைய ஃபைனைக் கட்டிடுங்க மக்களே!