அனந்தபுரத்து அந்தாதி

திருவனந்தபுரத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படிப்பதோ மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து கூட்டத் தெரியாது. "படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பாசுரம் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. ஏட்டை நம்பாமல் காதை நம்பிய நம் முன்னோர் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள். அதுதான் அந்தாதி.

அந்தம் என்றால் முடிவு. ஆதி என்றால் தொடக்கம். ஒரு பாட்டின் முடிவில் நிற்கும் எழுத்தோ, அசையோ, சீரோ, அடியோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வருவது அந்தாதி. கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தோடு சேர்ந்துவிட்டால் அதை மண்டலித்தல் என்பர். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாசுரங்களும் இப்படி ஒரே மாலையாகக் கட்டப்பட்டவை. 'உயர்வு' என்று தொடங்கும் நூல் 'உயர்ந்து' என்பதில் வந்து முடிகிறது.

அந்த மாலையில் நம் ஊருக்கும் இடம் உண்டு. பத்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி முழுவதும் அனந்தபுரத்தைப் பற்றியது. இதற்கு முந்தியது பாண்டி நாட்டுத் திருமோகூர்ப் பதிகம். அங்கே இடர் 'கெடும்' என்று முடித்த ஆழ்வார், அதே 'கெடும்' என்ற சொல்லோடு இங்கே நுழைகிறார். முதற்பாசுரம் 'இன்று' என்பதில் முடிய, இரண்டாவது 'இன்று' என்று எழுகிறது. இரண்டாவது 'ஊர்' என்று முடிய, மூன்றாவது 'ஊரும்' என்று தொடங்குகிறது. முன்னது நகரம், பின்னது வாகனத்தின் மேல் ஏறிச் செல்லுதல். ஒலி ஒன்று, பொருள் வேறு! பதினோராம் பாசுரத்தின் முதலடியிலேயே 'அந்தம்', 'ஆதி' ஆகிய இரண்டு சொற்களும் அமைந்திருப்பது கண்டு மகிழத்தக்கது.

பதிக முடிவில் வானுலக மடந்தையரின் 'தோளிணை' வருகிறது. அடுத்த பதிகமும் அதே தோளிணையில்தான் தொடங்குகிறது; ஆனால் இவை கண்ணனைப் பிரிய அஞ்சி மெலியும் ஆய்ச்சியின் தோள்கள். ஒரே சொல், இன்பத்திலிருந்து துன்பத்துக்கு நம்மைக் கைபிடித்து அழைத்துப் போகிறது.

இதனால் என்ன பயன்? நடுவில் ஒரு பாட்டு விட்டுப் போனால் சங்கிலி அறுந்து உடனே தெரிந்துவிடும். வரிசை மாறினாலும் அப்படியே. புதிதாக ஒன்றை நுழைப்பதும் எளிதன்று. போதாக்குறைக்கு, பாட்டு பத்து என்ற கணக்கையும் ஆழ்வார் ஐந்தும் ஐந்துமாகச் சொல்லி முத்திரை வைத்திருக்கிறார்.

மலையாள நண்பர்களின் அட்சரசுலோகம் இதற்கு உறவுதான். ஒருவர் சொன்ன சுலோகத்தின் மூன்றாம் அடி எந்த எழுத்தில் தொடங்குகிறதோ, அந்த எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும். திரைப்பாட்டிலும் அந்தாதி உண்டு; 1976இல் வந்த 'மூன்று முடிச்சு' படத்துக்குக் கண்ணதாசன் ஒன்று எழுதினார்.

ஆகவே பெற்றோர்க்கு என் யோசனை இது. நாளுக்கு ஒரு பாசுரம் வாயால் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுங்கள். அடுத்ததைப் பிள்ளை பிடித்துக் கொள்ளும். பதினொரு நாளில் நம் ஊர்ப் பதிகம் பாடமாகிவிடும். எழுத்து பிறகு வரட்டும். நம் முடிவில் அவர்கள் தொடங்க வேண்டுமானால், கடைசிச் சொல்லை நாம் அவர்கள் காதில் விட்டுச் செல்ல வேண்டும்.